இரண்டாவது கல்



சிறுநீரகக் கல் வராமல் தடுக்க ஒரு மூலிகைச் சாறு உதவுகிறதா என்பதை எப்படிச் சோதித்து அறிவது? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். வந்துவிட்ட கல்லை வெளியேற்றுவது ஒரு வேலை. விலாவிலிருந்து அடிவயிறு வரை இழுக்கும் அந்த வலியைத் தணிப்பது இன்னொரு வேலை. ஒருமுறை கல் வந்து, அவதிப்பட்டு, எப்படியோ அது வெளியேறிய பிறகு, அடுத்த கல் உருவாகாமல் காப்பது மூன்றாவது வேலை. ஒரு மருந்தைத் தடுப்பு மருந்து என்று அழைத்தால் அது இந்த மூன்றாவது வேலையைச் செய்தாக வேண்டும். இரண்டாவது கல் வந்ததா இல்லையா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்காமல் அதைச் சொல்ல வழியில்லை. நம் மூலிகைகளைப் பற்றி வெளிவந்திருக்கும் ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை அந்தக் காத்திருப்புக்கு முன்பே நின்றுவிட்டன. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நம்மிடம் மூலிகைகளுக்குக் குறைவில்லை. பொங்கலுக்கு முன் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் கூரையில் செருகுகிறோமே, அந்தச் சிறுபீளை, சித்த மருத்துவத்தில் கல்லடைப்புக்குக் குடிநீராகக் காய்ச்சப்படுகிறது. நெருஞ்சில், மாவிலங்கப்பட்டை, நீர்முள்ளி ஆகியவையும் அதே வரிசையில் உள்ளவை. வீட்டளவில் வாழைத்தண்டுச் சாறும் கொள்ளு வேகவைத்த தண்ணீரும் இருக்கின்றன. இவற்றில் ஏறக்குறைய ஒவ்வொன்றின் மீதும் எலிகளை வைத்து ஆய்வு நடந்திருக்கிறது. மாவிலங்கப்பட்டைக் கஷாயம் பற்றிய சென்னை ஆய்வு 1990இல் வெளிவந்தது. வாழைத்தண்டும் நெருஞ்சிலும் 1994இல். சிறுபீளை 2006இல். எல்லாவற்றிலும் எலிக்கு நன்மை கிடைத்தது. ஆனால் மனிதர்களிடம் இவற்றில் எதையும் ஐந்து ஆண்டு தொடர்ந்து கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டு, இத்தனை பேருக்குக் கல் திரும்பியது என்று எழுதிய ஒரு கட்டுரையை நான் வாசித்ததில்லை.

"சாறு குடித்தேன், கல் விழுந்தது" என்று சொல்பவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் சிறுநீர்க் குழாயில் இறங்கிவிட்ட 5 மில்லிமீட்டருக்கு மிகாத கல், எந்த மருந்தும் இல்லாமலே சுமார் 68 விழுக்காட்டினருக்கு வெளியேறிவிடுகிறது. அமெரிக்க, ஐரோப்பிய சிறுநீரியல் சங்கங்கள் 2007இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு இது. 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை உள்ள கற்களில்கூடப் பாதிக்குச் சற்றுக் குறைவானவை தாமாகவே இறங்குகின்றன. ஆகவே மூன்று பேர் வாழைத்தண்டுச் சாறு குடித்தால் அவர்களில் இருவர் அதைப் புகழ்வார்கள். அந்தச் சாற்றுக்கு எந்த ஆற்றலும் இல்லாவிட்டாலும் புகழ்வார்கள். ஒப்பீட்டுக் குழு என்ற ஒன்றை மருத்துவ ஆய்வு கண்டுபிடித்ததே இதற்காகத்தான்.

இனி கல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெரும்பாலான சிறுநீரகக் கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. சிறுநீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் கரையக்கூடிய அளவை மீறும்போது நுண்படிகங்கள் பிறக்கின்றன. பிறந்த படிகம் வளர வேண்டும். படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள வேண்டும். திரண்டது எங்காவது பற்றிக்கொண்டு தங்க வேண்டும். இந்தக் கடைசிப் படி நடக்காவிட்டால் எல்லாம் சிறுநீரோடு போய்விடும். நம் ஒவ்வொருவர் சிறுநீரிலும் சில வேளைகளில் படிகங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அலெக்சாண்டர் ராண்டால் என்ற அமெரிக்க மருத்துவர் 1937இல் ஒன்றைக் கவனித்தார். சிறுநீரகத்தின் உள்முகடுகளில் கால்சியம் பாஸ்பேட் படிந்த வெள்ளைத் திட்டுகள் இருந்தன; கல் அந்தத் திட்டின்மேல் முளைத்திருந்தது. அந்தத் திட்டு சிறுநீரக நுண்குழலின் மெல்லிய வளைவைச் சுற்றியுள்ள அடிச்சவ்வில் தொடங்குகிறது என்று 2003இல் இண்டியானாவில் ஆய்வு செய்தவர்கள் காட்டினார்கள். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மனிதக் கல்லின் பிறப்பிடம் இதுவாக இருக்கும்போது நாம் சோதிக்கும் எலியின் கல் வேறெங்கோ, வேறு விதமாகப் பிறக்கிறது.

முதலில் சோதனைக் குழாய். நம் மருந்தியல் கல்லூரிகளில் வழக்கமாகச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. முட்டையின் ஓட்டை அமிலத்தில் கரைத்தெடுத்து, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வைப் பையாக்கி, அதில் கால்சியம் ஆக்சலேட்டுத் தூளை வைத்து மூலிகைச் சாற்றோடு ஊறவிடுவார்கள். பிறகு எவ்வளவு தூள் மிஞ்சியது என்று அளப்பார்கள். குறைந்திருந்தால் 'கல்லைக் கரைக்கிறது' என்று ஆய்வேட்டில் எழுதப்படும். நான் தேர்வாளராக இருந்து வாசித்த ஆய்வேடுகளில் இந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அந்தக் குவளையில் இருந்த சாற்றின் செறிவு ஒருநாளும் நம் சிறுநீரை எட்டாது. குடலில் செரித்து, கல்லீரலில் மாற்றமடைந்து, இரத்தத்தில் நீர்த்து, அதன்பிறகு எந்தச் சேர்மம் எவ்வளவு சிறுநீருக்கு வருகிறது என்று அளந்த பிறகுதான் அந்தச் சோதனைக்கு அர்த்தம் வரும். யூரிக் அமிலக் கல் ஒரு விலக்கு. சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் அது உண்மையாகவே கரையும். கால்சியம் ஆக்சலேட் அப்படி எளிதில் மசியும் பொருள் இல்லை.

ஆனால் ஒரு தாவரப் பொருள் இந்தக் கடைசிக் கருத்தைச் சற்று அசைத்துப் பார்த்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குடம்புளியில் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் இருக்கிறது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ரைமர் குழுவினர் 2016இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அணுவிசை நுண்ணோக்கியின் கீழ், கால்சியம் ஆக்சலேட் படிகம் வளர வேண்டிய கரைசலிலேயே, இந்த அமிலத்தின் ஒரு குறிப்பிட்ட செறிவில் படிகம் கரைவதை அவர்கள் பார்த்தார்கள். அடுத்து அவர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. உடல்நலமுள்ள ஏழு பேருக்கு மூன்று நாள் அந்தச் சேர்மத்தை மாத்திரையாகக் கொடுத்து, அது சிறுநீருக்கு வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது. குவளையிலிருந்து உடலுக்குப் போகும் பாலத்தின் முதல் பலகை அது. நம் ஆய்வுகளில் நான் தேடித் தேடிக் காணாதது இந்தப் பலகைதான். இதைக் கேட்டுவிட்டு யாரும் கடைக்குப் போய்க் குடம்புளி மாத்திரை வாங்கிவிட வேண்டாம். உடல் எடை குறைக்க விற்கப்படும் அந்த மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் பல உள்ளன.

அடுத்தது எலி. குடிக்கும் தண்ணீரில் 0.75 விழுக்காடு எத்திலீன் கிளைக்காலைக் கலந்து 28 நாள் கொடுப்பார்கள். குளிர்நாடுகளில் வண்டி எஞ்சினில் நீர் உறையாமலிருக்க ஊற்றும் அதே திரவம்தான். எலியின் கல்லீரல் அதைப் படிப்படியாக மாற்றிக் கடைசியில் ஆக்சலேட் ஆக்குகிறது. அந்த வெள்ளத்தில் சிறுநீரக நுண்குழல்களுக்குள் படிகங்கள் அடைகின்றன. மூலிகைச் சாறு கொடுத்த எலிகளில் படிகம் குறைவாக இருந்தால் சாறு கல்லைத் தடுத்ததாக எழுதப்படும். ஆனால் அது எப்படித் தடுத்தது? சாறு, கிளைக்காலை ஆக்சலேட்டாக மாற்றும் கல்லீரல் நொதிகளைத் தடுத்திருக்கலாம். எலி நச்சுத் தண்ணீரைக் குறைவாகக் குடித்திருக்கலாம். சாறு வெறுமனே சிறுநீரை அதிகமாக்கியிருக்கலாம். எத்திலீன் கிளைக்கால் குடிக்காத ஒரு தையல் தொழிலாளிக்கு முதல் இரண்டாலும் பயன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது பயன் அவருக்குக் குழாயடியிலேயே கிடைக்கும்.

ஆனாலும் எலியைத் தூக்கியெறிந்து பேச நான் வரவில்லை. இதே சென்னையில் நடந்த நல்ல வேலை ஒன்றைச் சொல்லாமல் போனால் அநீதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிர்வேதியியல் துறையில் பேராசிரியர் பி. வரலட்சுமியும் அவருடைய மாணவர்களும் மாவிலங்கப்பட்டையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். 1990இல் வெளியான அவர்கள் கட்டுரையில், படிகம் குறைந்தது என்பதோடு நிற்காமல், ஏன் குறைந்தது என்று கேட்டிருந்தார்கள். எலிக்குக் கிளைக்காலிக் அமிலம் கொடுத்தால் கல்லீரலில் கிளைக்காலிக் அமில ஆக்சிடேஸ் என்ற நொதியின் வேகம் கூடுகிறது; மாவிலங்கக் கஷாயம் அந்த வேகத்தைக் குறைத்தது என்று அளந்து காட்டினார்கள். பின்னாளில் அந்தப் பட்டையிலிருந்து லூப்பியால் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்து அதையும் தனியே சோதித்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2020இல், பிறவியிலேயே ஆக்சலேட் பெருகும் ஒரு கொடிய நோய்க்கு லுமாசிரான் என்ற ஊசி மருந்து ஒப்புதல் பெற்றது. கல்லீரலில் அதே கிளைக்காலிக் அமில ஆக்சிடேஸ் உருவாவதை நிறுத்துவதுதான் அதன் வேலை. வரலட்சுமி குழுவினர் அளந்த அந்த நொதி சரியான நொதிதான். சாதாரணக் கல் நோயாளிக்கு அதைத் தடுப்பதால் என்ன பயன், பட்டைக் கஷாயத்தால் மனித உடலில் அது தடைபடுகிறதா என்ற கேள்விகள்தான் அப்படியே விடப்பட்டன.

படிப்படியாகப் போய் ஏறத்தாழ வாசல்வரை வந்த ஒரு மூலிகையின் கதையைப் பார்ப்போம். அது பிரேசிலின் மூலிகை. நம் கீழாநெல்லியின் மிக நெருங்கிய உறவு. ஃபில்லாந்தஸ் நிரூரி என்பது தாவரவியல் பெயர். பிரேசில் மக்கள் கல் நோய்க்கு அதைத் தேநீராகப் போட்டுக் குடிக்கிறார்கள். சாவோ பாவுலோ மருத்துவப் பள்ளியில் நெஸ்டர் ஷோர் என்ற சிறுநீரக மருத்துவரும் அவர் குழுவினரும் இந்தச் செடியை எடுத்துக்கொண்டார்கள். 1999இல் வெளியான ஆய்வில் அவர்கள் எலியிடம் போகவில்லை. சிறுநீரக நுண்குழலின் செல்களை வளர்த்து, அவற்றின்மேல் ஆக்சலேட் படிகங்களைப் போட்டு, செல் அவற்றை விழுங்குகிறதா என்று பார்த்தார்கள். சாறு சேர்த்தபோது செல் விழுங்கிய படிகங்கள் குறைந்தன. நான் மேலே சொன்ன கடைசிப் படி, பற்றிக்கொண்டு தங்குவது, அதைத்தான் அவர்கள் தொட்டார்கள்.

2002இல் எலி. எத்திலீன் கிளைக்காலை அவர்கள் பயன்படுத்தவில்லை. எலியின் சிறுநீர்ப்பையில் கால்சியம் ஆக்சலேட் வித்து ஒன்றை வைத்து, அதைச் சுற்றிக் கல் எப்படி வளர்கிறது என்று பார்த்தார்கள். சாறு குடித்த எலிகளில் கல் குறைவாக வளர்ந்தது. அதைச் சுற்றி உண்டாகும் துணைக் கற்களும் குறைந்தன.  2003இல் மனிதச் சிறுநீரிலேயே சாற்றைக் கலந்து பார்த்தபோது ஒரு வினோதம் தெரிந்தது. படிகங்களின் எண்ணிக்கை குறையவில்லை, கூடவே செய்தது. ஆனால் ஒவ்வொன்றும் சிறியது, ஒன்றோடொன்று திரளவில்லை. அதாவது இந்தச் செடி படிகம் பிறப்பதைத் தடுப்பதாகத் தெரியவில்லை. பிறந்தவை வளர்ந்து திரள்வதைத் தடுப்பதாகத் தெரிந்தது. எண்ணிக்கை கூடியதை மறைக்காமல் அவர்கள் எழுதினார்கள் என்பதால் அந்தக் குழுவின்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

2004இல் மனிதர்களிடம் வந்தார்கள். கால்சியக் கல் நோயாளிகள் 69 பேர். சீட்டுக் குலுக்கியதுபோல் இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 450 மில்லிகிராம் சாற்றுக் குப்பி மாத்திரை, மற்ற குழுவுக்கு அதேபோன்ற வெற்று மாத்திரை, மூன்று மாதம். முடிவில், குழுவை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் சிறுநீரின் கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், யூரிக் அமிலம் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சிறுநீரில் கால்சியம் அதிகமாக இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, சாறு சாப்பிட்டவர்களுக்கு அது குறைந்திருந்தது. இந்த முடிவை எவ்வளவு நம்பலாம்? ஒரு குழுவுக்குள் இன்னொரு சிறு குழுவைப் பிரித்துப் பார்க்கும்போது தற்செயலாகவும் ஏதாவது கிடைக்கும். அடுத்த ஆய்வில், கால்சியம் அதிகமுள்ளவர்களை மட்டும் முதலிலேயே சேர்த்துச் சோதித்தால்தான் அது உறுதியாகும். 2018இல் அதே ஊரிலிருந்து வந்த ஆய்வில் 56 பேருக்குப் பன்னிரண்டு வாரம் அந்தத் தேநீர் கொடுக்கப்பட்டது. கற்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆக்சலேட், யூரிக் அமிலம் அதிகமுள்ளவர்களுக்கு அவை குறைந்தன. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லை. தேநீரோடு உள்ளே போன தண்ணீருக்கு அதில் எவ்வளவு பங்கு என்று எப்படிப் பிரிப்பது?

இடையில் 2006இல் இத்தாலியில் ஒரு சோதனை. அதிர்வலையால் கல்லை உடைத்துக்கொண்ட 150 பேரில் ஒரு பகுதியினருக்கு இந்தச் சாற்றைக் குறைந்தது மூன்று மாதம் கொடுத்தார்கள். கல் முழுவதும் நீங்கியவர்கள் சாறு குடித்தோரில் 93.5 விழுக்காடு, குடிக்காதோரில் 83.3. புள்ளியியல்படி இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது. சிறுநீரகத்தின் கீழறையில் கல் இருந்தவர்களை மட்டும் பார்த்தபோது 93.7க்கு 70.8, இது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாதது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் இது உடைந்த கல்லின் துண்டுகள் வெளியேறுவதைப் பற்றியது. இரண்டாவது கல்லைப் பற்றியது இல்லை. செல்லில் தொடங்கி மனிதர்வரை வந்த இந்தச் செடிக்கும் அந்தக் கடைசிக் கேள்வி கேட்கப்படவே இல்லை.

கடைசிக் கேள்வியின் அருகே போனவர்களுக்கு என்ன கிடைத்தது? நம் நாட்டில் பரவலாக விற்கும், பல மூலிகைகள் சேர்ந்த ஒரு மாத்திரையை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் சில கல் நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்து சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது. சிறுநீரின் வேதியியல் மாறவில்லை. கல்லின் மொத்த அளவு குறைவதற்கு மாறாகக் கூடியிருந்தது. மிகச் சிறிய ஆய்வு, இறுதித் தீர்ப்பு ஆகாது. ஆனால் மருந்தை விற்பதற்கு முன் நாம் செய்திருக்க வேண்டிய சோதனை அது.

இந்த இடத்தில் அலோபதி மருத்துவர்கள் புன்னகைக்க வேண்டியதில்லை. கல் திரும்பாமலிருக்க உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவந்த மருந்து ஹைட்ரோகுளோரோதயசைடு. சிறுநீரில் கால்சியத்தைக் குறைக்கும். ஆகவே கல்லையும் குறைக்கும் என்று நம்பினோம். சுவிட்சர்லாந்தில் 416 நோயாளிகளை நான்கு குழுவாகப் பிரித்து, வெற்று மாத்திரையும் மூன்று வெவ்வேறு அளவுகளில் மருந்தும் கொடுத்து, சுமார் மூன்று ஆண்டு தொடர்ந்தார்கள். 2023இல் முடிவு வெளிவந்தது. கல் திரும்புவதில் வெற்று மாத்திரைக்கும் மருந்துக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. சிறுநீர்க் கணக்கு சரியாக இருந்தாலே கல் கணக்கும் சரியாகும் என்ற எண்ணம் இவ்வளவு பழைய மருந்திலேயே பொய்த்தது. அப்படியிருக்க, மூன்று மாதச் சிறுநீர்க் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு மூலிகையைத் தடுப்பு மருந்து என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

வென்ற சோதனைகளும் உண்டு. இத்தாலியின் பார்மாவில் லோரிஸ் போர்கி குழுவினர் சோதித்த மருந்து தண்ணீர். முதல்முறை கல் வந்த 199 பேர். பாதிப்பேரை, நாளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகுமளவு தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாண்டு முடிவில் தண்ணீர் குடித்த 99 பேரில் 12 பேருக்குக் கல் திரும்பியது. மற்ற 100 பேரில் 27 பேருக்கு. 1996இல் வந்த அந்தக் கட்டுரையை மருத்துவ மாணவர்கள் அனைவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். அடுத்த ஆண்டு புரூஸ் எட்டிங்கர் குழுவினர் பொட்டாசியம் மெக்னீசியம் சிட்ரேட்டை 64 பேரிடம் மூன்று ஆண்டுவரை சோதித்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 63.6 விழுக்காட்டினருக்குப் புதுக் கல். மருந்து எடுத்தவர்களில் 12.9. எண்ணிக்கையில் சிறியவை, ஆனால் கேட்ட கேள்வி சரியானது. தண்ணீரே பாதிக்கு மேல் தடுக்கிறது என்று தெரிந்த பிறகு, நாளுக்கு இரண்டு வேளை குடிநீர் காய்ச்சிக் குடிக்கும் ஒருவருக்கு நன்மை கிடைத்தால் அது இலையாலா நீராலா என்று கேட்காமல் இருக்க முடியாது. பல மூலிகைகளில் பொட்டாசியமும் மிகுதி. சிட்ரேட் செய்த வேலையை அவை அந்த வழியாகச் செய்கின்றனவா என்பதும் பார்க்க வேண்டியதே.

பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு செய்தி. கேரளத்தில் இரும்பன்புளி என்று அழைக்கப்படும் பிலிம்பிக் காயின் சாற்றைக் கொழுப்புக் குறைய என்று செறிவாகக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது. அந்தச் சாற்றிலிருந்த ஆக்சலேட்டே சிறுநீரகத்தில் படிந்திருந்தது. ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. ஐந்து மருத்துவமனைகளின் மருத்துவர்கள் சேர்ந்து 2013இல் இதை எழுதினார்கள். கல் நோய்க்குக் கொடுக்கும் எந்தச் சாற்றிலும் முதலில் அளக்க வேண்டியது அதிலேயே உள்ள ஆக்சலேட்டை.

நம் கீழாநெல்லிக்கு வருகிறேன். பிரேசிலின் முடிவுகளை எடுத்து இதன்மேல் ஒட்டிவிட முடியாது. இந்தியத் தாவர நூல்களில் நெடுங்காலம் நிரூரி என்று எழுதப்பட்டது உண்மையில் மூன்று வெவ்வேறு இனங்களின் கலவை என்று 1985இல் இந்தியத் தாவரவியலாளர்கள் தெளிவுபடுத்தினார்கள். நம் மண்ணில் பரவலாக இருப்பது அமாரஸ் என்ற இனம். தென்னிந்தியக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்றதை 2010இல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மாதிரிகளில்தான் அமாரஸ் முதன்மையாக இருந்தது. மற்றவற்றில் வேறு இனங்கள்.

இந்த அமாரஸை வைத்துச் சென்னை ஒருமுறை உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. கல்லுக்காக இல்லை, மஞ்சள் காமாலைக்காக. பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கோடு இணைந்து, 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியைத் தாங்கியிருந்தவர்களில், கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஒப்பீட்டுக் குழுவோடு, மற்றவர்கள் திரும்பச் செய்து பார்க்கக்கூடிய விதத்தில், ஒரு நாட்டு மூலிகையைச் சோதிக்கும் துணிவு இந்த ஊருக்கு அன்றே இருந்தது. அந்தத் துணிவைக் கல் நோய்க்கும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அந்தச் சோதனை எப்படி இருக்க வேண்டும்? இரு குழுவுக்கும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் தடுக்கும் என்று தெரிந்த பின் அதைச் சொல்லாமல் விடுவது அறமில்லை. அப்படிச் சொன்னால் ஒப்பீட்டுக் குழுவிலும் ஐந்தாண்டில் சுமார் 12 விழுக்காட்டினருக்குத்தான் கல் வலி திரும்பும். மூலிகை அதைப் பாதியாகக் குறைக்கிறதா என்று கண்டுபிடிக்க, என் கணக்கில், எழுநூறு பேருக்கு மேல் வேண்டும். நடுவில் விலகுவோரையும் சேர்த்தால் இன்னும் அதிகம். இதற்கு வழி சுவிட்சர்லாந்துக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். வலி வந்த கல்லை மட்டும் எண்ணாமல், தொடக்கத்திலும் முடிவிலும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்து, வலியில்லாமல் வளர்ந்த கல்லையும் புதிதாகத் தோன்றிய கல்லையும் சேர்த்து எண்ணலாம். அடிக்கடி கல் வருபவர்களாகத் தேர்ந்தால் அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மூன்று ஆண்டில் ஏதோ ஒன்று தெரிந்துவிடும். அப்போது சுமார் நானூறு பேர் போதும். சென்னை, மதுரை, கோவை அரசு மருத்துவமனைகளின் சிறுநீரியல் புறநோயாளிப் பிரிவுகளும் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் கைகோத்தால் நானூறு பேர் பெரிய எண்ணிக்கை இல்லை.

கசப்பான குடிநீருக்கு அதே கசப்புள்ள போலிக் குடிநீர் செய்வது கடினம். பிரேசில் போலச் சாற்றை உலர்த்திக் குப்பி மாத்திரையில் அடைக்கலாம். சித்த மருத்துவ நண்பர்கள் இதை ஏற்கத் தயங்குவார்கள் என்று தெரியும். உடல்கூறும், மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அனுபானமும் பார்த்துக் கொடுக்கும் மருந்தை ஒரே அச்சில் வார்ப்பது அவர்களுக்கு உவப்பாக இராது. நியாயமான தயக்கம். அதற்காக மூன்றாவது குழு ஒன்றை வைத்து, அங்கே மருத்துவர் தம் முறைப்படியே கொடுக்கட்டும். கல் திரும்பியதா என்ற அளவுகோல் மட்டும் மூன்று குழுக்களுக்கும் பொதுவாக இருக்கட்டும். செடியின் இனத்தை மரபணு அளவில் உறுதி செய்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பங்கை எடுத்துப் பாதுகாக்க வேண்டும். தாவரச் சாற்று மருந்துக்கு 2015இல் இந்திய அரசு கொண்டுவந்த விதி, குறைந்தது நான்கு சேர்மங்களையாவது அளந்து காட்டச் சொல்கிறது. அது நல்ல விதி. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே, எதை முடிவாகக் கொள்வோம் என்பதை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் எழுதிப் பதிய வேண்டும். அப்படிச் செய்தால், மொத்தக் குழுவில் பலன் இல்லாதபோது ஒரு சிறு குழுவைத் தேடிப் பிடித்து வெற்றி என்று அறிவிக்க இடமிருக்காது.

யாரைச் சேர்ப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பொறுமையாகக் கேள்விக்குப் பதில் சொல்லும் அலுவலகப் பணியாளர்களை மட்டும் சேர்த்துவிடக் கூடாது. உப்பளத்தில் வெயிலில் நிற்பவர்கள், கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்வதால் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்கள், பேருந்து ஓட்டுநர்கள் இவர்களுக்கெல்லாம் 'மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்' என்ற அறிவுரை எட்டாக்கனி. மூலிகைச் சாறு உண்மையாகவே தடுக்குமென்றால் அது முதலில் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். இருபத்துநான்கு மணிநேரச் சிறுநீரைச் சேகரிக்க ஒரு கேனைக் கொடுத்தனுப்பினால் இவர்கள் அதை எங்கே வைப்பார்கள் என்பதையும் திட்டமிடுபவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய சோதனைக்கு, இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் நிதி போதாது என்பதை நான் அறிவேன். ஆனால் அதற்கு முந்தைய ஒரு வேலையை இப்போதே தொடங்கலாம். புறநோயாளியாக வரும் கல் நோயாளிகளுக்கு ஒரு பதிவேடு. வயது, தொழில், வேலையிடத்தில் தண்ணீரும் கழிப்பறையும் கிடைக்கிறதா, வெளியேறிய கல் எதனால் ஆனது, ஏற்கெனவே என்ன சாறு குடிக்கிறார், எவ்வளவு நாளாக, அடுத்த கல் எப்போது வந்தது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, பெயரை வெளியிடாமல், நான்கைந்து மருத்துவமனைகள் சேர்ந்து இதைச் செய்தால், எந்த மூலிகையைப் பெரிய சோதனைக்கு எடுப்பது என்று சில ஆண்டுகளில் ஆதாரத்தோடு தேர்ந்தெடுக்கலாம். அதற்கான படிவத்தின் முதல் வரைவைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு பக்கம்தான். மேடைக்கு இடப்புறம் மேசையில் வைத்திருக்கிறேன். சிறுநீரியல் மருத்துவர்களும் சித்த மருத்துவர்களும் ஆளுக்கொரு படி எடுத்துச் சென்று, விடுபட்ட கேள்விகளை அதன் ஓரத்திலேயே எழுதி எனக்குத் திருப்பி அனுப்புங்கள்.